எண்ணெய் ஏன் வரவில்லை?

மரம் அறுக்கும் மிஷினை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலர் அதைக் கையில் பிடித்து வேலை செய்கிறவர்கள். மூணாறு மலையில் யூகலிப்டஸ் மரங்களை இந்த மிஷினால் அறுக்கிறார்கள். அந்த விறகு தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புக்குப் போகிறது. குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலத் தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்த நிழல் மரங்களை அறுக்கிறார்கள். மண்ணார்க்காடு பக்கம் பால் வற்றிய ரப்பர் மரங்களை அறுக்கிறார்கள். அந்தத் தடி லாரி ஏறிப் பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனிகளுக்குப் போகிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் காய்ப்பு நின்ற தென்னைகளை அறுக்கிறார்கள்.

மலையாளத்தில் இதை மிஷின் வாள் என்பார்கள். தமிழில் செயின் ரம்பம் என்று சொல்வோம். நம் பாடத்தில் மிஷின் என்றே எழுதுவோம்.

இந்த மிஷினுக்கு இரண்டு டேங்க் உண்டு. ஒன்றில் பெட்ரோல் ஊற்ற வேண்டும். பெட்ரோலோடு கொஞ்சம் டூ-டி ஆயில் கலந்திருக்கும். அது எஞ்சினுக்கு. இன்னொன்றில் தனி எண்ணெய் ஊற்ற வேண்டும். அது செயினுக்கு. ஒன்றுக்கு ஊற்றியது மற்றொன்றுக்குப் போகாது. "பெட்ரோலில்தான் ஆயில் கலந்திருக்கிறதே, செயினுக்கு எதற்குத் தனியாக?" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. பெட்ரோலோடு போன ஆயில் எஞ்சினுக்குள் எரிந்து புகையாகிவிடும். செயினுக்கு அது ஒரு சொட்டும் வராது.

செயினுக்கு எண்ணெய் எதற்கு?

செயின் ஓடுகிற நீண்ட இரும்புத் தகட்டைப் பட்டறையில் பார் என்பார்கள். சிலர் பிளேடு என்பார்கள். நாம் பிளேடு என்போம். பிளேட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கிறது. செயினின் அடிப் பற்கள் அந்தப் பள்ளத்துக்குள் ஓடுகின்றன. இரும்பும் இரும்பும் உரசுகின்றன.

எவ்வளவு வேகம் தெரியுமா? முழு வேகத்தில் செயின் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடும். மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். நம் மலை ரோட்டில் எந்த பஸ்ஸும் இந்த வேகத்தில் போகாது. அந்த வேகத்தில் எண்ணெய் இல்லாமல் உரசினால் என்ன ஆகும்? முதலில் சூடு ஏறும். சூட்டில் செயின் நீளும், தொங்கும். தொங்கிய செயின் பிளேட்டை விட்டுக் கழலும். சில சமயம் அறுந்து வீசும். பிளேட்டின் விளிம்பு நீல நிறமாக மாறும். அப்படி நீலம் பாய்ந்த இரும்பு உறுதி இழந்தது. அது சீக்கிரம் தேயும்.

மிஷின் சொந்தமாக இருந்தால் செயினும் பிளேடும் நம் செலவு. வாடகை மிஷினாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அன்றைய கூலி மிஷின்காரருக்கே போய்விடும்.

எண்ணெய் போகும் வழி

பழுது பார்க்க வேண்டுமானால் முதலில் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? மோட்டாரைக் கழற்றுவோமா? இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலோடு நடப்போம். எங்கே அடைப்பு, எங்கே உடைப்பு என்று பார்ப்போம். இதுவும் ஒரு வாய்க்கால்தான்.

டேங்கின் உள்ளே ஒரு சிறிய ரப்பர்க் குழாய் இருக்கிறது. அதன் நுனியில் ஒரு சின்ன வடிகட்டி. எண்ணெய் வடிகட்டி வழியாகக் குழாயில் ஏறுகிறது. குழாய் அதைப் பம்புக்குக் கொண்டு போகிறது. பம்பு கட்டை விரல் அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு சிறு தண்டு சுழன்றபடி முன்னும் பின்னும் போய் எண்ணெயைத் தள்ளும். அந்தத் தண்டைச் சுற்றி விடுவது கிளட்ச் பக்கம் உள்ள ஒரு திருகுப் பல். இதை வார்ம் என்பார்கள். பம்பு தள்ளிய எண்ணெய், பிளேடு வந்து உட்காரும் இடத்தில் ஒரு துளை வழியாக வெளியே வரும். அந்தத் துளைக்கு நேராகப் பிளேட்டிலும் ஒரு சிறு துளை இருக்கிறது. அதன் வழியே எண்ணெய் பிளேட்டின் பள்ளத்துக்குள் இறங்கும். அங்கிருந்து செயினே அதை இழுத்துக்கொண்டு நுனி வரைக்கும் போகும்.

இன்னும் ஒன்று. டேங்கிலிருந்து எண்ணெய் வெளியே போனால், அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக ஒரு காற்றுத் துளை வைத்திருக்கிறார்கள். அது அடைத்துக்கொண்டால் எண்ணெயும் நின்றுவிடும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். எண்ணெய் நின்று நின்று வரும். எதிர்ப்புறம் இன்னொரு ஓட்டை போட்டால் சரசரவென்று கொட்டும். அதே கதைதான்.

எண்ணெய் வருகிறதா? எப்படிப் பார்ப்பது?

ஒரு வெள்ளைக் காகிதம் அல்லது புதிதாக அறுத்த அடிக்கட்டை போதும். மிஷினை ஓட்டி, பிளேட்டின் நுனியை அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். செயின் எதிலும் படக்கூடாது. ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்துங்கள். சில நொடிகளில் காகிதத்தில் எண்ணெய்க் கோடு தெரிய வேண்டும். தெரிந்தால் எண்ணெய் வருகிறது.

ஒரு விஷயம் கவனியுங்கள். பல மிஷின்களில் செயின் சுழன்றால்தான் பம்பும் சுழலும். மெதுவாக நின்று ஓடும்போது எண்ணெய் வராது. அது பழுது அல்ல.

இன்னொரு அடையாளம் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். பெட்ரோல் ஒரு டேங்க் தீரும்போது எண்ணெய் டேங்கும் ஏறக்குறைய தீர்ந்திருக்க வேண்டும். அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். அப்படித்தான் மிஷினைச் செய்திருக்கிறார்கள். ஆகையால் பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் மூடியையும் திறந்து பாருங்கள்.

எண்ணெய் குறையாமல் அப்படியே நிற்கிறதா? அப்படியானால் எண்ணெய் எங்கேயோ அடைபட்டிருக்கிறது, அல்லது பம்பு வேலை செய்யவில்லை. எண்ணெய் குறைந்திருக்கிறது, ஆனால் செயின் காய்ந்திருக்கிறதா? அப்படியானால் எண்ணெய் வெளியே வந்து வழி தவறிப் போகிறது. பிளேட்டின் துளை அடைத்திருக்கலாம். அந்த மாடலுக்குச் சேராத பிளேட்டைப் போட்டிருக்கலாம். குழாய் வெடித்து உள்ளேயே ஒழுகலாம். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு பேச்சு

எங்கள் ஊரில் ஒரு தம்பி ரப்பர் மரம் அறுக்கப் போகிறவர். பக்கத்து வீட்டு அண்ணன் பல வருடம் மிஷின் பிடித்தவர். ஒரு நாள் மாலை இருவரும் பேசிக்கொண்டது இது.

"அண்ணே, மிஷின் புகையுது. செயின் காய்ஞ்சு கிடக்குது. கடையில காட்டினேன். பம்பு போயிருச்சு, மாத்தணும்னு சொல்றாங்க."

"பிளேட்டைக் கழற்றிப் பார்த்தாங்களா?"

"இல்லண்ணே. பார்த்தவுடனே சொல்லிட்டாங்க."

"எண்ணெய் குறைஞ்சிருக்கா?"

"முக்கால்வாசி குறைஞ்சிருக்கு. கவர் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு."

"அப்புறம் பம்பு எப்படித் தம்பி போயிருக்கும்? பம்பு தள்ளாமலா கவர்ல எண்ணெய் வந்துச்சு? போய் ஒரு மெல்லிய கம்பி எடுத்துட்டு வா."

பிளேட்டின் சிறு துளையில் மரத்தூளும் ரப்பர் பாலும் சேர்ந்து கெட்டியாக அடைத்திருந்தது. கம்பியால் குத்தி எடுத்தார்கள். பள்ளத்தையும் வழித்தார்கள். பத்து நிமிஷ வேலை. புதுப் பம்பு வாங்கும் செலவு மிச்சம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாக் கடைக்காரர்களும் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. கூட்டம் அதிகமாக இருந்தால் கழற்றிப் பார்க்க நேரம் இருக்காது. மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் காசு கொடுப்பது நாம். கொடுப்பதற்கு முன்னால் நாமே பார்ப்பது நல்லது.

வரிசையாகப் பார்ப்போம்

வேலை தொடங்கும் முன் எஞ்சினை நிறுத்துங்கள். ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி விடுங்கள். சைலன்சர் ஆறட்டும். கையுறை போடுங்கள். செயின் ஓடாமல் நின்றாலும் அதன் பல் கையைக் கிழிக்கும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பெட்ரோல் இருக்கிறது.

முதலில் பிளேடு. பெரும்பாலும் பழுது இங்கேதான். செயின் பிரேக்கைத் தளர்த்தி, பக்கக் கவரின் நட்டுகளைக் கழற்றுங்கள். பிளேட்டையும் செயினையும் எடுங்கள். பிளேட்டின் அடிப்பக்கத்தில் மேலும் கீழும் சிறு துளைகள் இருக்கும். பிளேட்டைத் திருப்பிப் போட்டாலும் எண்ணெய் வர வேண்டும் என்பதற்காகவே இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் மெல்லிய கம்பியால் சுத்தம் செய்யுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பிறகு பள்ளத்தை வழியுங்கள். உடைந்த ஹேக்சா பிளேடு இதற்கு நன்றாக உதவும். அடியிலிருந்து நுனிப் பக்கமாக இழுங்கள்.

தென்னை அறுத்த மிஷினில் நார் பள்ளத்துக்குள் திணிந்திருக்கும். ரப்பர் அறுத்ததில் பால் ஒட்டியிருக்கும். மழையில் நனைந்த மரத்தின் தூள் களிமண் மாதிரி அப்பியிருக்கும். மழைக்காலத்தில் தினமும் கழற்றிச் சுத்தம் செய்தால்தான் சரிவரும். கழற்றும் ஒவ்வொரு முறையும் பிளேட்டை மேல் கீழாகத் திருப்பிப் போடுங்கள். இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும்.

அடுத்தது மிஷினின் உடம்பில் உள்ள எண்ணெய்த் துளை. அதன் மேலும் தூள் படிந்திருக்கும். அதை வெளியே இழுத்து எடுங்கள். உள்ளே குத்தித் தள்ளாதீர்கள். காற்றுப் பம்பு வைத்து வேகமாக ஊதாதீர்கள். தூள் பம்புக்குள் போய்விடும். துடைத்த பின், பிளேடும் செயினும் இல்லாமல், கவரை மட்டும் மாட்டி மிஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டலாம். இதைப் பழகியவர் செய்யட்டும். உள்ளே கிளட்ச் சுழலும். விரலோ வேட்டி நுனியோ அருகில் போகக் கூடாது. நிறுத்திவிட்டுக் கவரைத் திறந்து பாருங்கள். துளையில் புது எண்ணெய் வழிந்திருந்தால் பம்பு நன்றாக இருக்கிறது. பழுது பிளேட்டில்தான் இருந்தது. அதைச் சுத்தம் செய்தாகிவிட்டது.

எண்ணெய் வரவில்லையா? இப்போது டேங்குக்குப் போவோம்.

டேங்கின் மூடியைச் சற்றே தளர்த்தி, மிஷினைச் சமமாகப் பிடித்து மறுபடி ஓட்டுங்கள். இப்போது எண்ணெய் வந்தால் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்தால் போதும். அப்போதும் வரவில்லை என்றால் எண்ணெயை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள். ஒரு கம்பியின் நுனியைக் கொக்கி போல் வளைத்து, டேங்க் வாய் வழியாக விட்டு வடிகட்டியை வெளியே இழுங்கள். அதன் மேல் கறுப்புக் கூழ் அப்பியிருந்தால் கழுவுங்கள், அல்லது புதிது போடுங்கள். விலை குறைந்த சாமான்தான் இது. டேங்கின் அடியில் மரத்தூள் கிடந்தால் அதையும் கழுவி எடுங்கள். எண்ணெய் ஊற்றும்போது மூடியைச் சுற்றித் துடைக்காமல் திறந்ததால் விழுந்த தூள் அது.

பிறகு குழாய். ரப்பர்க் குழாய் நாள்பட்டால் ஊறிப் பெருக்கும், வெடிக்கும். வெடித்த குழாய் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். கர்ப்பூர வில்லை அளவு வெடிப்பு இருந்தாலும் போதும், எண்ணெய் வராது. மாற்ற வேண்டியதுதான். ஒட்டுப் போட்டால் நிற்காது.

கடைசியில்தான் பம்பும் வார்மும். கிளட்ச் டிரம்மைக் கழற்ற வேண்டும். சில மிஷின்களில் ஒரு சின்னக் கிளிப்பை எடுத்தால் டிரம் கையோடு வரும். சில மிஷின்களில் கிளட்ச் வெளியே இருக்கும். அதன் மரை எதிர் மரை. மற்ற நட்டைக் கழற்றும் திசையில் திருகினால் இன்னும் இறுகும். கடிகார முள் சுற்றும் திசையில் திருக வேண்டும். தெரியாமல் சுத்தியலால் அடித்து உடைத்தவர்கள் உண்டு.

உள்ளே வார்ம் இருக்கும். பல மாடல்களில் அது பிளாஸ்டிக். செயினில் எண்ணெய் இல்லாமல் ஓட்டிய சூடு கிளட்ச் வரை ஏறினால் அது உருகும். பல் மழுங்கியிருந்தால் மாற்றுங்கள். சில வார்மில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அது டிரம்மின் வெட்டில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் டிரம் சுழலும், வார்ம் சுழலாது. புதுச் சாமான் போட்டும் எண்ணெய் வரவில்லை என்றால் முதலில் இந்தக் கம்பியைப் பாருங்கள். வார்ம் நன்றாக இருந்து, வழியும் திறந்திருந்து, அப்போதும் எண்ணெய் வராவிட்டால் பம்பை மாற்றலாம்.

சில மிஷின்களில் அடியில் ஒரு திருகு இருக்கும். எண்ணெயைக் கூட்டவும் குறைக்கவும் அது. பக்கத்தில் கூட்டல் குறி, கழித்தல் குறி போட்டிருக்கும். நம் கணக்குப் பாடத்தில் படித்த அதே குறிகள். நீளமான பிளேடு, காய்ந்த கடினமான மரம் என்றால் கூட்டல் பக்கம் திருப்புங்கள். எல்லா மிஷினிலும் இந்தத் திருகு இருக்காது.

எண்ணெய் வந்தும் புகைகிறதா?

அப்படியானால் பழுது எண்ணெயில் இல்லை. செயினை மிக இறுக்கமாகக் கட்டியிருக்கலாம். அல்லது செயின் மழுங்கியிருக்கலாம். கீழே விழும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய செயின் மாவு மாதிரி அரைக்கும். மாவு விழுந்தால் அரத்தை எடுங்கள். அந்த மாவுதான் துளையையும் அடைக்கிறது.

சீவல் என்றதும் ஒரு செய்தி ஞாபகம் வருகிறது. 1926-இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் மின்சாரத்தில் ஓடும் செயின் ரம்பம் செய்தார். அதைப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். அந்தக் காலத்துச் செயின் மரத்தைச் சுரண்டிச் சுரண்டி அறுத்தது. 1946-இல் அமெரிக்காவில் மரம் வெட்டும் தொழிலாளி ஜோசப் காக்ஸ், ஒரு கட்டைக்குள் மரத்தைத் தின்னும் வண்டுப் புழுவைக் கண்டார். அது நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே மாதிரி மரத்தைத் தின்றுகொண்டே போனது. புழுவின் வளைந்த தாடையைப் பார்த்து அவர் புதுவிதமான செயின் பல்லைச் செய்தார். இன்று நம் கையில் இருக்கும் செயினின் பல் அதன் வழியில் வந்ததுதான். ஒரு புழுவிடம் பாடம் கேட்ட தொழிலாளி அவர்.

எந்த எண்ணெய்?

செயினுக்கென்று விற்கும் எண்ணெய் சற்று ஒட்டும் தன்மை உள்ளது. வேகத்தில் தெறித்துப் போகாமல் நுனி வரை போகும். அது கிடைக்காத இடத்தில் பலர் வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றுகிறார்கள். காசு இல்லாமல் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் இரும்புத் துகள் இருக்கிறது. அது வடிகட்டியை அடைக்கும், பம்பைத் தேய்க்கும். மிஷின் பிடிக்கிறவரின் கையிலும் துணியிலும் அது தெறிக்கிறது. நெடுநாள் தோலில் பட்டால் தோல் புற்றுநோய் வரை வரலாம் என்று எச்சரிக்கிறார்கள். செயினில் ஊற்றும் எண்ணெய் திரும்பி வருவதில்லை. ஊற்றியது அவ்வளவும் மண்ணில்தான் விழுகிறது. மேட்டில் விழுந்தது மழையில் ஓடைக்கு வரும். அந்த ஓடையில்தான் நாம் குடம் வைக்கிறோம்.

தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா என்று கேட்பார்கள். கொழிஞ்சாம்பாறை வெயிலில் அது ஓடும். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும். மூணாறில் ஜனவரி காலையில் புல் மேல் பனி உறைந்து கிடக்கும். அங்கே டேங்குக்குள் கட்டியாகிவிடும், பம்பு என்ன செய்யும்? சாதாரணச் செயின் எண்ணெயும் மலைக் குளிரில் கெட்டிப்படும். ஆகவே குளிர் காலையில் மிஷினைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, காகிதத்தில் எண்ணெய்க் கோடு பார்த்த பிறகே மரத்தில் வையுங்கள்.

சமையல் எண்ணெய் எதுவானாலும் டேங்கில் மாதக்கணக்கில் நின்றால் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். மிஷினைக் கட்டி வைக்கும் முன் வடித்துவிட வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கியில் மண் சரிந்து, மரம் சாய்ந்து ரோடுகள் அடைபட்டன. அதே ஆண்டு நவம்பரில் கஜா புயலில் தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் தோப்போடு சாய்ந்தன. அப்படிப்பட்ட நாளில் மூலையில் கிடக்கும் மிஷினை எல்லோரும் தேடுவார்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே ஒரு முறை ஓட்டிப் பார்த்து வையுங்கள்.

படித்தோம், பேசுவோம்

1. பெட்ரோல் இரண்டு முறை ஊற்றியாகிவிட்டது. எண்ணெய் டேங்க் நிரம்பியபடியே இருக்கிறது. பிளேட்டின் துளை சுத்தமாக இருக்கிறது. நீங்கள் அடுத்து எதைப் பார்ப்பீர்கள்? ஏன்?

2. மூடியைத் தளர்த்தினால் எண்ணெய் வருகிறது. இறுக்கினால் நிற்கிறது. பழுது எங்கே?

3. பட்டறையில் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றும் முன் அவர்களிடம் என்ன கேட்பீர்கள்? இரண்டு கேள்விகள் எழுதுங்கள்.

4. உங்கள் ஊரில் ஓடும் ஒரு மிஷினைப் பாருங்கள். எந்த மூடி பெட்ரோலுக்கு, எந்த மூடி எண்ணெய்க்கு? மூடியில் உள்ள படத்தைப் பார்த்து வரையுங்கள். அதன் கீழே பெயர் எழுதுங்கள்.